அசன ஆட்டின் கயிறு

நேற்று உங்களில் ஒருவர் செல்போனை என் முன்னால் நீட்டி, பலி என்பதற்கு எபிரெயத்தில் எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள் என்று காட்டினார். விரலால் தட்டினால் சொல் வருகிறது. இன்னொரு தட்டுத் தட்டினால் அதன் வேர் வருகிறது. நான் இறையியல் கல்லூரியில் படித்தபோது அந்த வேரைத் தேடி நூலகத்தில் ஏணி போட்டு ஏறியிருக்கிறேன். பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? ஆனால் புதிதாக அங்கி போட்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே, அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செய்த காரியத்தை உங்களிடம் சொல்லிவிடுவது நல்லது. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் புள்ளி பிசகாத பிரசங்கம் அது. அதைக் கொண்டு ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்திவிட்டேன்.

ஓய்வுபெற ஐந்தாறு வருடம் இருக்கையில் மாரியூர்ப் பக்கம் ஒரு கடற்கரைச் சபைக்குப் போதகராகப் போனேன். அதற்கு முன் எனக்கு வாய்த்ததெல்லாம் முதுகுளத்தூரைச் சுற்றியுள்ள மிளகாய்க்காட்டு ஊர்கள்தான். கடற்கரையில் எல்லாரும் சத்தமாகப் பேசுவார்கள். நானும் தொண்டை பெருத்தவன். முதல் மாதமே ஒட்டிக்கொண்டோம். போதகரை அங்கே 'ஐயர்' என்பார்கள். ஐயர் வந்தால் நல்ல மீனாகப் பார்த்து எடுத்து வைப்பார்கள். சுகமான சபை.

அந்தச் சபைப் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள் சுகிர்தா. முப்பத்து மூன்று வயது. அவளுடைய அப்பா வேதமுத்து கடலில் பேர் வாங்கிய ஆள். பத்து வருடத்துக்கு முன் ஒரு காலையில் படகிலேயே பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. தாய் ஏற்கெனவே இல்லை. சுகிர்தா நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்கவைத்து, சக்கர நாற்காலியில் வைத்து வாசலுக்குத் தள்ளிக் கடலைக் காட்டி, இப்படியே வருடங்கள் போய்விட்டன. ஒரே அண்ணன் ஜெயசீலன் வளைகுடாவில் வேலை பார்த்தான். அவன் மனைவியும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்காக ராமநாதபுரத்தில் இருந்தார்கள்.

வாரம் ஒருமுறை அந்த வீட்டுக்கு ஜெபிக்கப் போவேன். வேதமுத்துவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பேன். கண்ணைத் திறந்ததும் சுகிர்தா பக்கம் திரும்பி, "அய்யா எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்பேன். மனுஷர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அவரிடம் கேட்க மாட்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் பலிகளைப் பற்றி வரிசையாகப் பிரசங்கம் வைத்தேன். முதல் வாரம் தானியக் காணிக்கை. இரண்டாம் வாரம் சமாதான பலி, அதாவது கர்த்தருக்கு ஒரு பங்கு, ஆசாரியனுக்கு ஒரு பங்கு போக, மிச்சத்தைக் கொண்டுவந்தவனே வீட்டாரோடு உட்கார்ந்து தின்கிற பலி. அதிலும் 'தோதா' என்கிற நன்றிப் பலி என்றால் இறைச்சியை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது. முழு ஆட்டை ஒரே நாளில் ஒரு குடும்பம் தின்ன முடியுமா? ஊரைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். வருடத்துக்கு ஒருநாள் ஆளாளுக்குக் கொண்டுவந்த ஆட்டையும் அரிசியையும் சபை வாசலில் ஒன்றாக ஆக்கி ஒரே பந்தியில் சாப்பிடுகிறோமே, நம் அசனம், அது மாதிரிதான் என்றேன். சபை சந்தோஷமாகத் தலையாட்டியது.

மூன்றாம் வாரம் 'ஓலா', சர்வாங்க தகன பலி. ஓலா என்றால் மேலே ஏறிப் போவது. முழுதும் எரிந்து புகையாக மேலே போய்விடும். கொண்டுவந்தவனுக்கு ஒரு வாய் கிடையாது. ஆசாரியனுக்குத் தோல் மட்டும்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? வாய் சும்மா இருந்தால்தானே! நம் சபையிலேயே ஒரு ஓலா உண்டு, தனக்கென்று ஒரு வாய் வைத்துக்கொள்ளாமல் தகப்பனுக்காக முழுதும் எரிந்துகொண்டிருக்கிற ஒரு பிள்ளை உண்டு என்று சொல்லி, பாட்டுக்குழுவைப் பார்த்துக் கையை நீட்டினேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். என் பேச்சில் நானே கரைந்துபோனேன். பிரசங்கம் செய்கிறவனுக்கு அதைவிட ஆபத்தான நேரம் கிடையாது. சுகிர்தா மட்டும் தலையைக் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

லீவில் வந்திருந்த ஜெயசீலன் ஆராதனை முடிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மனசில் இருந்த பாரத்தை இறக்கிவைத்துவிட்டீர்கள் என்றான். சாயங்காலம் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தான். நானும் தின்றேன்.

அந்தப் பாரம் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. அக்காள்மடத்தில் தாசன் என்று ஒருவர், படகு இன்ஜின் பழுதுபார்க்கிற மெக்கானிக். எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்தவர், வேதமுத்துவின் சக்கர நாற்காலி கிறீச்சிடுவதைக் கேட்டுவிட்டு அதன் பேரிங்கை மாற்றிக் கொடுத்தாராம். பிறகு அதைச் சரிபார்க்க இரண்டு தடவை வந்தாராம். அவ்வளவு பழுதாகிற பேரிங் இல்லை அது. கடைசியில் தாயாரோடு வந்து முறையாகப் பெண் கேட்டார். ஜெயசீலன் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தான். என் பிரசங்கத்தைக் கேட்ட அன்றைக்கு மத்தியானமே அக்காள்மடத்துக்குப் போன் போட்டு, எங்கள் ஐயரே பிரசங்க பீடத்தில் சொல்லிவிட்டார், அவள் ஆண்டவருக்கென்று ஒப்புக்கொடுத்த பிள்ளை, இனிமேல் கேட்பது பாவம் என்று முடித்துவிட்டான். ஜெயசீலன் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவன் கையில் நான் வேதத்தைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு ஞாயிறு சுகிர்தா பாட்டுக்குழுவில் நிற்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி மோர் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள்.

"ஐயரே, ஒன்னு கேக்கணும். அந்த எரிச்ச ஆட்டுகிட்ட யாராச்சும் கேட்டாகளா?"

வேத சந்தேகம் என்று நினைத்துச் சிரித்தேன். "ஆட்டுகிட்ட யாரும்மா கேப்பா?" என்றேன்.

"அப்ப நான் ஆடா? ஆட்டக் கொண்டாந்த ஆளா?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம்தான் தாசனைப் பற்றியும் போனைப் பற்றியும் சொன்னாள். அவரை எனக்குப் பிடித்திருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அசனம் வரைக்கும் பார்ப்போம் என்று தாசனின் அம்மா சொல்லியிருக்கிறாராம். அதற்குள் பதில் மாறவில்லையென்றால் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். அசனம் ஈஸ்டர் கழிந்த வாரம். அது முடிந்த இரண்டாம் நாள் ஜெயசீலனுக்கு விமானம்.

"அய்யாவப் பாத்துக்கிட்டது நானாக் குடுத்தது. யாரும் சொல்லிச் செய்யல. அதுல எனக்கு வருத்தமே கெடையாது ஐயரே. ஆனா எங்கண்ணன் என்னையத் தூக்கிக் குடுக்க நான் என்ன அவன் வளத்த ஆடா? நீங்களும் சேந்து கயித்தப் பிடிச்சிட்டீகளே."

மோரைத் தொடாமலே போய்விட்டாள். அன்றைக்கு என் மனைவி என்னோடு பேசவில்லை. பேசியிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

அவள் கயிறு என்று சொன்னது முதுகுளத்தூர்ப் பக்கத்து ஒரு பழைய அசனத்தை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. நான் போதகரான முதல் வருடம். ஒருவர் நல்ல கிடாயாக ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். நான் ஜெபித்து ஆமென் சொல்லி, அறுக்கலாம் என்றேன். அந்தச் சபை மூப்பர், மிளகாய் போடுகிற சம்சாரி, கையை நீட்டித் தடுத்தார். "கயிறு யார் கையில இருக்கு, பாத்தீகளா ஐயரே?" என்றார். எனக்கு விளங்கவில்லை. அந்த ஊரில் ஒரு முறை உண்டு. அசனத்துக்கு வருகிற ஆட்டை வளர்த்தவர்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலுக்கு வர வேண்டும். அதன் தலைமேல் கை வைக்க வேண்டும். எதற்காகக் கொடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் கிடாயை வளர்த்தவள் அவர் மனைவி. அவள் களையெடுக்கப் போன நேரத்தில் இவர் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார்.

மூப்பர் சைக்கிளை அனுப்பி அந்த அம்மாளைக் காட்டிலிருந்து கூட்டிவரச் சொன்னார். மண் ஒட்டிய கையோடு வந்து கயிற்றை வாங்கினாள். "குடுக்கிறியா தாயி?" என்று மூப்பர் கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல மூப்பரே, இத எம் மக சடங்குக்கு வச்சிருக்கேன்" என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போயே போய்விட்டாள். அன்றைக்கு அசனத்தில் கறி குறைவு, சாம்பார் அதிகம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மூப்பர் மட்டும் எனக்குச் சாம்பார் ஊற்றும்போது ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினார். நல்ல மனுஷர். அவர் ஒரு எழுத்து எபிரெயம் படித்ததில்லை.

அவர் ஊரில் நடந்ததுதான் மோசேயின் சட்டத்திலும் இருக்கிறது. கொண்டுவருகிறவன் தன் மந்தையிலிருந்து கொண்டுவர வேண்டும், தன் கையை அதன் தலைமேல் வைக்க வேண்டும். அந்த வரியில் நானே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். பலி என்றதும் நமக்கு இழப்பும் ரத்தமும்தான் ஞாபகம் வருகிறது. எபிரெயர் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொன்ன சொல் 'கொர்பான்'. கிட்டே கொண்டுவருவது என்று பொருள். நம் கடற்கரைப் பாய்மார் குர்பானி கொடுக்கிறார்களே, அதுவும் இந்த வேர்தான். கிரேக்கத்தில் எழுதினவர்கள் 'ப்ரொஸ்ஃபொரா' என்றார்கள். அதுவும் ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். எல்லாவற்றிலும் கொண்டுவருகிற ஒரு கை இருக்கிறது. ஜீவபலியைப் பற்றி ரோமருக்கு எழுதினவரும் உங்கள் சரீரங்களைக் கொடுங்கள் என்றுதான் கேட்டார், தங்கச்சியின் சரீரத்தை அல்ல. நான் முக்கால் மணி நேரம் நெருப்பையும் புகையையும் பேசி, கையை விட்டுவிட்டேன்.

மறுநாளே ஜெயசீலனைத் தேடிப் போனேன். முற்றத்தில் வேதமுத்து நாற்காலியில் இருந்தார். அவருக்கு வணக்கமாக ஒரு தோத்திரம் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொன்னது தவறு என்றேன். அவன் என்னை விடவில்லை.

"சபைக்கு முன்னால ஒன்னு, வீட்டுக்குள்ள ஒன்னா ஐயரே? நான் அங்கன போயிட்டா அய்யாவ யாரு பாப்பா? நீங்க பாப்பீகளா?"

வேதமுத்து 'ம்' என்று ஒரு சத்தம் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயசீலன் சொன்னதில் ஒன்று நியாயம் என்று நடந்துவரும்போது தோன்றியது. நாலு பேர் முன்னால் கட்டிய முடிச்சை நாலு பேர் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. அத்தனை வருட ஊழியத்தில் பிரசங்கம் தப்பு என்று நான் பீடத்தில் ஒத்துக்கொண்டதே கிடையாது. ஈஸ்டரில் சொல்லலாம் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டேன். பண்டிகை நாள் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அசன நாள் வந்துவிட்டது.

காலையிலேயே அண்டாக்கள் ஏறிவிட்டன. அக்காள்மடத்திலிருந்து தாசனும் அவர் அம்மாவும் வந்து ஓரமாக நின்றார்கள். ஜெயசீலன் அப்பாவைத் தூக்கிவந்து சவுக்கு நிழலில் நாற்காலியில் வைத்திருந்தான். ஆடு கொண்டுவந்தவர்கள் கோயில் வாசலில் வரிசையாக நின்றார்கள். அதில் ஒருத்தி சுகிர்தா. வெள்ளையில் பழுப்புப் புள்ளி போட்ட கிடாய், அவள் வளர்த்தது. கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதைப் பார்த்த பிறகும் சும்மா இருந்தால் நான் மனுஷனில்லை. ஜெபத்துக்கு முன் சத்தமாகச் சொன்னேன். இந்தப் பிள்ளையை நான் பலி என்று சொன்னேன், அது தப்பு, அவள் பலி இல்லை, கொண்டுவருகிறவள், அவளுடையதை அவள்தான் கொடுக்கலாம், அண்ணனும் கொடுக்க முடியாது, ஐயரும் கொடுக்க முடியாது, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அடுப்புக்காரர்கள்கூடக் கிண்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஜெயசீலன் முகம் சிவந்து முன்னால் வந்தான். "அப்ப எங்கய்யா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். குரல் உடைந்துபோயிருந்தது.

சபை முழுக்க என்னைப் பார்த்தது. எனக்கு மூன்று யோசனை வாயில் தயாராக இருந்தது. ஆள் வைக்கலாம், முறை போட்டுப் பார்க்கலாம், இன்னொன்று மறந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தபோது நாற்காலியில் இருந்த மனுஷர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். இத்தனை நாள் இவரைப் பற்றி இவர் மகளிடம் கேட்டிருக்கிறேன், மகனிடம் கேட்டிருக்கிறேன், ஆண்டவரிடம்கூடக் கேட்டிருக்கிறேன். இவரிடம் கேட்டதில்லை. வெட்கமாகிவிட்டது.

போய் அவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். "வேதமுத்து, உங்களப் பத்தி உங்க முன்னாலயே மத்தவுககிட்ட கேட்டுட்டு இருந்துட்டேன். பேச்சுத்தான் போச்சு, புத்தி போகலன்னு எனக்கு இத்தன நாளாத் தோணாமப் போச்சு. நீங்க சொல்லுங்க. என்ன செய்யணும்?"

அவர் இடது கையை ஆட்டி மகளைக் கூப்பிட்டார். அவள் தண்ணீருக்கென்று நினைத்து ஆட்டையும் இழுத்துக்கொண்டே வந்து, வழக்கம்போலத் துண்டால் அவர் வாயைத் துடைக்கப் போனாள். அவர் துண்டைத் தள்ளிவிட்டார். அவள் கையிலிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. மறுபடி இழுத்தார். விட்டாள். கயிற்றை இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அந்தக் கையை அப்படியே ஆட்டின் தலைமேல் வைத்தார். அவருக்கு இருந்தது அந்த ஒரு கைதானே.

அப்புறம் உதட்டைக் கோணிக்கொண்டு, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு சொல்லைச் சொன்னார்.

"போ."

மறுபடி உதட்டைக் கூட்டினார். "போ... த்தா" என்றார்.

சுகிர்தா அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு நான் போகவில்லை, நான் போகவில்லை என்று அழுதாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கயிற்றை மட்டும் விடவில்லை. நான் அத்தனை வாரம் அந்த வீட்டில் கொடுக்கிறவர் யார் என்று புத்தகத்தில் தேடினேன். ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். தனக்கென்று அவருக்கு மிச்சமிருந்தது, மூன்று வேளையும் ஊட்டுகிற அந்தப் பிள்ளையின் கைதான். அதைக் கொடுத்துவிட்டார். எனக்கு ஜெபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. என் மனைவிதான் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கிவைத்தாள்.

ஜெயசீலன் விமானத்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டான். வைகாசியில் அந்தக் கோயிலிலேயே கல்யாணத்தை நான் நடத்திவைத்தேன். வேதமுத்து ராமநாதபுரத்தில் மகன் வீட்டுக்குப் போனார். மருமகள் நன்றாகவே பார்த்துக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டு வாசலில் கடல் கிடையாது. அது அவருக்குத் தெரிந்துதான் கயிற்றைப் பிடித்தார். சுகிர்தா வாராவாரம் அக்காள்மடத்திலிருந்து பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், இந்த வாரம் யாரை எரித்தீர்கள் ஐயரே என்று கேட்பாள்.

இதெல்லாம் பிறகு நடந்தது. எனக்கு நினைவில் நிற்பது அந்த அசனப் பந்திதான். பாய் விரித்து வாழையிலை போட்டாயிற்று. பந்திக் கடைசியில் வேதமுத்துவின் நாற்காலி. ஆடு அறுபட்ட நேரத்தில் கடல் பக்கம் போய்விட்ட ஜெயசீலனைக் காணவில்லை. சுகிர்தா வீங்கின கண்ணோடு, அப்பாவின் தட்டில் சோற்றைப் பிசைய உட்கார்ந்தாள். அப்போது அவன் வந்தான். அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான்.

அவனுக்கு ஊட்டத் தெரியவில்லை. உருண்டை பெரிதாகிவிட்டது. பாதி வாய்க்குள் போயிற்று, பாதி வேதமுத்துவின் சட்டையில் விழுந்தது. அவர் இருமினார். சுகிர்தா பதறிப்போய் எழுந்தாள். பக்கத்தில் இருந்த என் மனைவி அவள் தோளைப் பிடித்து இலைக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

"நீ சாப்பிடுத்தா," என்றாள். "அவன் பழகட்டும்."